ஆட்சேபணைக்கு முப்பது நாள்

ஜாதவ்பூர்
5.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கடைசியாகச் சொன்னது, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு." அதோடு வைத்துவிட்டீர்கள். இருபத்தேழு வருஷமாக வீட்டின் கீழ்த்தளத்தில் ஆபீஸ் போட்டு, பெஹாலாவில் நடக்கும் கல்யாணங்களை அரசாங்கப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிற ரெஜிஸ்ட்ரார் நீங்கள். வருகிறவர்களிடம் எல்லாம் இதைத்தான் சொல்வீர்கள் என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. எழுத்திலேயே கொடுக்கிறேன். தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் டாலிகஞ்சில் ஆட்டோ மாறி இங்கே வந்து போகிறாள், அவள் கைப்பையில் போட்டால் ஒரு மணி நேரம்.

விஷயம் இதுதான். ஆறு வருஷமாக இந்த ஃபிளாட்டில் என்னோடு இருக்கும் பர்ணாலி என் ரூம்மேட் இல்லை. நாங்கள் இருவரும் குடும்பமாக இருக்கிறோம். இதைப் போனில் சொன்னபோது, "எந்தக் குடும்பம்?" என்று கேட்டீர்கள். இந்தக் குடும்பம்தான் அப்பா. காலையில் யார் முதலில் குளிப்பது என்று சண்டை போட்டு, அவள் கிடர்பூருக்கு ஷிப்பிங் ஆபீசுக்கும் நான் பல்கலைக்கழகத்துக்குத் தண்ணீர் பரிசோதிக்கவும் போய், சாயங்காலம் ஒரே சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடும் குடும்பம். அம்மாவுக்கு மூன்று வருஷமாகத் தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு. எங்கள் கட்டிடத்து மொட்டை மாடியில் நாற்பது பேருக்குச் சாப்பாடு. அதற்கு முன் பத்தரை மணிக்கு நானும் பர்ணாலியும் மாலை மாற்றிக்கொள்கிறோம். பௌஷ் மாதத்தில், நம் மார்கழி மாதிரி, கூடாது என்று பர்ணாலியின் அம்மா சொன்னதால் ஜனவரிக் கடைசிக்குப் போயிற்று. குடியரசு தினமாக அமைந்தது தற்செயல். அன்று அரசாங்கத்துக்கு லீவு. எங்கள் விஷயத்தில் அதற்கு எப்படியும் வேலை கிடையாது.

நீங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அப்பாவாக வந்து முதல் வரிசையில் உட்கார வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் கைரேகை மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பர்ணாலி கேட்கச் சொன்னாள்.

உங்கள் மகள்,
சுபிக்ஷா


பெஹாலா
18.11.2024

செல்வி சுபிக்ஷாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

5ஆம் தேதியிட்ட உன் கடிதம் அன்று இரவு ஏழரைக்கு உன் அம்மா மூலம் கிடைத்தது. நேற்று அக்ரஹாயண் மாதம் பிறந்துவிட்டது, இனி முகூர்த்தங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஜோடி வருகிறது. பதில் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களின் பெயரை என் ஆபீஸ் வாசல் பலகையில் முப்பது நாள் தொங்கவிட வேண்டும் என்பது விதி. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அதற்குள் எழுதிக் கொடுக்கலாம். உன் கடிதத்தையும் அப்படிப்பட்ட ஓர் அறிவிப்பாக எடுத்துக்கொண்டு என் ஆட்சேபணைகளை எழுதுகிறேன்.

ஒன்று. சட்டத்தில் இதற்கு இடமில்லை. என் படிவத்தில் ஒரு கட்டம் ஆணுக்கு, ஒரு கட்டம் பெண்ணுக்கு. போன வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் நியமனக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறவன், அரசாங்கம் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ளாத ஒன்றில் முதல் வரிசையில் உட்கார முடியாது.

இரண்டு. அரசாங்கத்துக்கு வேலை இல்லை என்று கேலியாக எழுதியிருக்கிறாய். நாலு வருஷத்துக்கு முன் அமலா என்று ஓர் அம்மாள் என்னிடம் வந்தாள். கிடர்பூரில் கிரேன் ஓட்டுகிற ஒருவரோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்களாம், பதிவு கிடையாது. அவர் இறந்து காரியம் முடிந்த மறுநாள் அவருடைய அண்ணன்மார் வந்து, நீ யார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு காகிதம் பதில் சொல்லியிருக்கும். பழைய தேதி போட்டு ஒரு சர்டிபிகேட் எழுதித்தரச் சொல்லி என் ஆபீசில் உட்கார்ந்து அழுதாள். முடியாது என்றேன். முடியாதுதான். ஆனால் அவள் படியிறங்கிப் போனதை நான் மறக்கவில்லை. நாளைக்கு உன்னையோ அந்தப் பெண்ணையோ யாராவது அப்படிக் கேட்டால் என்ன எடுத்து நீட்டுவீர்கள்?

மூன்று. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறாள். மேஸோமொஷாய் மேஸோமொஷாய் என்று சொந்தச் சித்தப்பாவைப் போலக் கூப்பிட்டு, என் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்து, அடையும் அவியலும் சாப்பிட்டுப் போனாள். போன வருஷம் அவளிடம், உனக்கு ஒரு நல்ல பையனாகப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நீ சிரித்தாய். அடுக்களையில் உன் அம்மாவும் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அம்மா நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மிஷின் சரியாக இல்லை.

இப்படிக்கு,
அப்பா


ஜாதவ்பூர்
26.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் மூன்றாவது ஆட்சேபணைக்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புதான் இருக்கிறது. அன்று நாங்கள் சிரித்தது பயத்தில். பர்ணாலி அன்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம், அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல இனிமேல் என்னால் முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான்தான் ஒத்திப்போட்டேன். தப்பு என்னுடையது.

முதல் இரண்டுக்கும் பதில் உண்டு. அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. காகிதம் இல்லாவிட்டால் நடுத்தெருவில் நிற்பாய் என்கிறீர்கள். அடுத்த மூச்சில் உனக்குக் காகிதம் கிடையாது என்கிறீர்கள். கிடையாது என்றால் கிடையாது, அப்பா. அதற்காக அது இல்லாததை என் குற்றமாக எழுதாதீர்கள்.

எல்லாப் படிவத்திலும் 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் நாங்கள் சித்தி பெண், பெரியம்மா பெண். வீட்டுக்காரர் அப்படித்தான் எழுத வேண்டும் என்றார். பாங்கில் நாமினிக்கு எதிரே 'மற்றவை'. அவளுக்கு டெங்கு வந்து நர்ஸிங் ஹோமில் சேர்த்தபோது, அவசரத்தில் அக்கா என்று எழுதிவிட்டேன். டிஸ்சார்ஜ் அன்று வந்த ஒரு நர்ஸ், "நீங்க பெங்காலியே இல்லையே" என்றாள். ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிடுகிற நாங்கள் ஊர் முழுக்க நாலு விதமான சொந்தமாக இருக்கிறோம். இதில் ஒன்றாவது உண்மையா என்று கேட்டால், அந்த 'மற்றவை'தான் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

சின்ன வயசில் உங்கள் ஆபீஸ் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவேன். ஒவ்வொரு ஜோடியும் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்கள் காலைத் தொட வரும். நீங்கள் காலை இழுத்துக்கொண்டு, "நான் கல்யாணம் பண்ணிவெக்கறவன் இல்லப்பா, எழுதிக்கறவன்" என்பீர்கள். நீங்கள் தெரிந்து சொன்னீர்களோ தெரியாமல் சொன்னீர்களோ, நான் சொல்வதும் அதுதான். கல்யாணம் என்கிற விஷயத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? அதை ஐயரும் மௌல்வியும் பாதிரியாரும், யாரும் வேண்டாம் என்றால் மொட்டை மாடியில் கூடும் நாற்பது பேரும் பார்த்துக்கொள்ளட்டும். அரசாங்கம் ஒரே ஒரு புத்தகம் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று எவர் வந்து சொன்னாலும் எழுதிக்கொண்டால் போதும். அதற்குக் கல்யாணம் என்று பெயர் வைக்கக்கூட வேண்டாம். பெயரை வைத்துக்கொண்டுதானே இவ்வளவு தகராறு.

இப்போது ஒரு கேள்வி. எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும். நாளைக்கே சட்டம் மாறி, உங்கள் படிவத்தில் அந்தக் கட்டங்களும் மாறிவிட்டால், 26ஆம் தேதி வருவீர்களா?

உங்கள் மகள்,
சுபிக்ஷா


பெஹாலா
2.12.2024

செல்வி சுபிக்ஷாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. இந்த வாரம் பதினோரு பதிவு. ஒரு மாப்பிள்ளை பெயரையே தப்பாக டைப் செய்து கொண்டுவந்தான், அவனைத் திருப்பி அனுப்பி மறுபடி வரவழைத்து ஒரு நாள் போயிற்று. கைரேகை மிஷின் பெண்களின் கட்டைவிரலை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, மருதாணி காரணமாக இருக்கலாம். கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். வரவில்லை.

தண்ணீர் மோட்டார் மாற்றியாயிற்று. சபாவில் மார்கழிக் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வந்திருக்கிறது, உன் அம்மா வர மாட்டேன் என்கிறாள். வீட்டில் அவள் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. சாப்பிட வாங்கோ, கதவைச் சாத்துங்கோ, இவ்வளவுதான்.

உன் கேள்வியைப் படித்தேன். அது அனுமானக் கேள்வி. இல்லாத சட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது என் வழக்கமில்லை.

இப்படிக்கு,
அப்பா


ஜாதவ்பூர்
10.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். மிஷினுக்கு மருதாணி காரணமில்லையாம். அதன் கண்ணாடியை ஈரத் துணியால் துடைக்காமல் உலர்ந்த துணியால் துடைத்து, ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்ட பிறகு மறுபடி சொருக வேண்டுமாம். பர்ணாலி வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள், உங்கள் கண்ணாடி பவர் அவளுக்குத் தெரியும்.

என் கேள்வி அனுமானக் கேள்விதான். நான் ஆய்வகத்தில் தினமும் அதைத்தான் செய்கிறேன். பளிச்சென்று இருக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து விட்டால் உள்ளே ஆர்சனிக் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சட்டம் பேசுகிற வரைக்கும் உங்கள் கடிதங்களும் பளிச்சென்றுதான் இருக்கின்றன.

ஒரு வரி போதும். வருவேன், அல்லது வர மாட்டேன்.

உங்கள் மகள்,
சுபிக்ஷா


பெஹாலா
23.12.2024

செல்வி சுபிக்ஷாவுக்கு ஆசீர்வாதம்.

மிஷின் வேலை செய்கிறது.

போன வியாழக்கிழமை ஒரு தகப்பனார் வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பெண் வேறு மதத்துப் பையனைச் செய்துகொள்கிறாள், பலகையில் பெயர் இருக்கிறது, ஆட்சேபணை எழுதி எடுத்து வந்திருந்தார். நான்கு பக்கம். என் மேஜைக்கு எதிரே கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருக்கிறதே, அதில் உட்கார வைத்து, எல்லாரிடமும் கேட்கிற நாலு கேள்வியைக் கேட்டேன். இருவரில் யாருக்காவது ஏற்கெனவே கல்யாணமாகி அந்தத் துணை உயிரோடு இருக்கிறதா? சித்த சுவாதீனம் இல்லையா? வயது போதாதா? கல்யாணம் செய்யக்கூடாத நெருங்கிய சொந்தமா? நாலும் இல்லை என்றார். "அப்படின்னா எனக்குப் பிடிக்கலைங்கறது ஆட்சேபணை ஆகாது சார், வீட்டுக்குப் போங்கோ" என்று அவருக்குப் புரிகிற வங்காளியில் சொன்னேன். இதை இதுவரை இருநூறு தகப்பன்மாருக்காவது சொல்லியிருப்பேன். அவர் நாலு பக்கத்தையும் மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கேள்விக்குப் பதில். வந்திருக்க மாட்டேன். சட்டம் மாறியிருந்தால் வேறு ஏதாவது காரணம் தேடியிருப்பேன். எனக்குப் பிடிக்கவில்லை. சபாவில் வேலாயுதம் ஒவ்வொரு கச்சேரியிலும், "பொண்ணு கல்யாணச் சாப்பாடு எப்போ போடப்போறேள்?" என்று கேட்பான். அவனுக்கு என்ன சொல்வது என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. உன்னை நினைத்து வெட்கமில்லை, ஊரை நினைத்துத்தான் என்று எழுத ஆசை. ஆனால் உன்னை நினைத்தும்தான். எழுத்தில் கேட்டாய், எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

நேற்று உன் அம்மா ஒரு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "ஏன்னா, நம்ம கல்யாணத்த எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எதிலும் இல்லை. எண்பத்தாறில் நம் பக்கத்தில் யாரும் பதிவு செய்துகொண்டதில்லை. பிறகு நான் ரெஜிஸ்ட்ரார் ஆகி, நாலாயிரம் பேரை எழுதியும் எங்களை எழுதத் தோன்றவில்லை. "நமக்கென்னடி, நாலு பேருக்குத் தெரியுமே" என்றேன். "அவாளுக்கு நாப்பது பேருக்குத் தெரியப்போறது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். அதனால் என் மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. 26ஆம் தேதி நான் வர மாட்டேன். அம்மா வருவாள். அவளை நான் தடுக்கவில்லை, தடுத்தால் நிற்கிறவளும் இல்லை.

இப்படிக்கு,
அப்பா


ஜாதவ்பூர்
31.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். கடிதத்தைப் பர்ணாலிக்குப் படித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. மறுநாள் ஆய்வகத்தில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது அழுதேன். எட்டு பாட்டிலில் ஊர்ப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன்.

நிஜத்தைச் சொன்னதற்கு நன்றி. இதை நான் குத்தலாக எழுதவில்லை. பிடிக்கவில்லை என்கிற அப்பாவை எனக்குத் தெரியும். பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கினபோதும், தலைமுடியை வெட்டிக்கொண்டபோதும் அவரைப் பார்த்திருக்கிறேன். சட்டப் பிரிவு பேசிய மனிதரைத்தான் தெரியவில்லை.

இந்த விஷயமாக இனி நான் எழுத மாட்டேன். நாற்காலி வாடகைக்குத் தருகிறவர் இன்றைக்குள் கணக்குச் சொல்லுங்கள் என்றார். முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை. காலியாக ஒரு நாற்காலியை முன்வரிசையில் வைத்துக்கொண்டு அன்று என்னால் சிரிக்க முடியாது.

குளிர் அதிகமாகிவிட்டது. ஆபீசில் தரை ஜில்லென்று இருக்கும், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். புது வருஷ நமஸ்காரம்.

சுபிக்ஷா


பெஹாலா
25.1.2025

சௌபாக்கியவதி பர்ணாலிக்கும் சௌபாக்கியவதி சுபிக்ஷாவுக்கும் அநேக ஆசீர்வாதம்.

நாளைய சமையலுக்காக உன் அம்மா இப்போதே அங்கே கிளம்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பர்ணாலிக்கு நீ படித்துச் சொல்ல வேண்டும்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, ஆனால் பழைய அச்சுப் படிவம் ஒரு கட்டு அலமாரியில் மிச்சம் கிடந்தது. டிசம்பர் 26 காலையில், அதாவது உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய மூன்றாம் நாள், ஆபீஸ் திறப்பதற்கு முன் அதில் ஒன்றை எடுத்து நிரப்பினேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. அந்த நாற்காலி எதிரிலேயே இருந்தது, அதுவாக இருக்கலாம். 'மணமகன்' என்று அச்சிட்டிருந்ததை அடித்தேன். பிறகு நியாயமாக இருக்கட்டும் என்று 'மணமகள்' என்பதையும் அடித்தேன். வயதில் பெரியவள் என்பதால் பர்ணாலி பெயர் முதலில். அடித்தல் திருத்தலோடு ஒரு படிவத்தை நான் ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அதை வாசல் பலகையில் மற்றவற்றோடு குத்தி வைத்தேன். முப்பது நாள் தொங்கியது.

இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பலகையை வேலைமெனக்கெட்டு யாரும் படித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பெருக்க வந்த உன் அம்மா துடைப்பத்தோடு நின்று படித்தாள். ஒரு குண்டூசி தளர்ந்திருந்தது. அதை அழுத்தி வைத்துவிட்டு மிச்சத்தைப் பெருக்கப் போனாள். அன்று ராத்திரி தட்டில் எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது. உன்னிடம் அவள் இதைச் சொல்லவில்லை என்று தெரிகிறது. மூன்று வருஷம் என்னிடம் வாயைத் திறக்காதவளுக்கு முப்பது நாள் ஒரு பொருட்டா?

உன் 31ஆம் தேதிக் கடிதம் வந்தபோது அது பலகையில்தான் இருந்தது. எழுதிவிடலாமா என்று நினைத்தேன். கெடு முடியாமல் முடிவு சொல்வது முறையில்லை. தவிர, என்னையே எனக்கு நம்பிக்கையில்லை. நாலு தடவை அதை எடுத்துவிடப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை பேரனின் பதிவுக்காக ஒரு பெரியவர் வந்தார். கூட்டம் அதிகம், காத்திருக்கிற நேரத்தில் பலகையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவர், உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "துஜொனேய் மேயே?" என்றார். இரண்டு பேருமே பெண்களா என்று. ஆபீசில் ஏழு பேர் இருந்தார்கள். ஆமாம் என்றேன். அதில் ஒருத்தி என் பெண் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சாப்பாடு எங்கே என்று கேட்டார். ஜாதவ்பூரில், மொட்டை மாடியில் என்றேன். ஜனவரியில் மாடி நல்லது, வெயில் சுகமாக இருக்கும் என்றார். பிறகு பேரனுக்கு எத்தனை போட்டோ வேண்டும் என்று கேட்டார். மூன்று என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா நான் இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை என்று இருந்தது.

உன் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்தைப் பண்ணிவைக்க அரசாங்கம் வேண்டியதில்லை, எழுதிக்கொண்டால் போதும். மீதிப் பாதியை, உங்கள் விஷயத்தில் அரசாங்கத்துக்கு வேலையே கிடையாது என்று நீ கேலி செய்ததை, ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் புத்தகம் வேண்டும், சுபிக்ஷா. அமலா அம்மாளுக்கு வேண்டியிருந்தது, உங்களுக்கும் வேண்டும். அதில் உங்களுக்கு ஒரு வரி இல்லை என்பது எனக்கு இப்போது வலிக்கிறது. அடுத்த வாரம் நானும் உன் அம்மாவும் வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் போய் எங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். "இவாளுக்கும் எழுதற அன்னிக்குச் சேர்ந்து போலாம்" என்றாள். அதுவரை நாங்களும் பதிவில்லாதவர்கள்தான்.

படிவத்தின் பின்பக்கத்தில் விதிப்படி எழுத வேண்டியதை எழுதியிருக்கிறேன். இங்கேயும் பிரதி எடுக்கிறேன்.

'கெடுவுக்குள் வந்த ஆட்சேபணை: இல்லை. கெடுவுக்கு முன்பே வந்த ஆட்சேபணை: ஒன்று, 18.11.2024. ஆட்சேபித்தவர்: பெண்ணின் தகப்பனார். முப்பது நாளும் அவரை விசாரித்தேன். பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் அவரால் காட்ட முடியவில்லை. தள்ளுபடி செய்யப்பட்டது.'

கீழே முத்திரை இல்லாததைப் பார்ப்பாய். முத்திரை அரசாங்கத்துடையது, அதை நான் தொடவில்லை. கையெழுத்து என்னுடையது.

நாளை பத்து மணிக்கு வந்துவிடுவேன். நாற்காலி முப்பத்தொன்பதுதான் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். எனக்காக யாரிடமும் கேட்டு அலைய வேண்டாம். ஆபீசிலிருந்து அந்தக் கை உடைந்த நாற்காலியை டாக்ஸியில் போட்டு எடுத்துவருகிறேன்.

அப்பா